வீட்டுக்கு ஒரு தொடுதிரை டெஸ்க்டாப்: அறுபதாயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

கூடத்தில் ஒரே மேசையில் வைத்து, ஓய்வு பெற்ற பெற்றோர், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், மாலையில் வீடு திரும்பும் நீங்கள் என மூன்று தலைமுறையும் பயன்படுத்தும்படியான தொடுதிரை டெஸ்க்டாப் ஒன்றை அறுபதாயிரம் ரூபாய்க்குள் வாங்க முடியுமா, வாங்கினால் ஐந்தாறு ஆண்டுகள் தாக்குப்பிடிக்குமா, தொடுதிரை உண்மையிலேயே தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க முடியும். ஆனால் அந்த விலையில் தொடுதிரையை முதல் நிபந்தனையாக வைத்துத் தேடினால், பெரும்பாலும் மந்தமான கணினி ஒன்றுதான் வீடு வந்து சேரும். ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்), பிராசஸர் (கணினியின் மூளை) ஆகிய மூன்றையும் முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் தொடுதிரை உள்ள மாடலைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. அப்படிச் சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடுதிரை டெஸ்க்டாப் என்று கடைகளில் இன்று விற்பவை ஏறக்குறைய எல்லாமே ஆல்-இன்-ஒன் வகையைச் சேர்ந்தவை. தனியாக சிபியு பெட்டி இருக்காது. மதர்போர்டு, ஸ்பீக்கர், கேமரா, வைஃபை எல்லாம் திரைக்குப் பின்னாலேயே அடங்கிவிடும். எச்பி, லெனோவோ, டெல், ஏசர், ஏசூஸ் ஆகிய நிறுவனங்கள் இவற்றைப் பல ஆண்டுகளாகத் தயாரித்து வருகின்றன. ஒரே தொடரைத் தொடுதிரையோடும், தொடுதிரை இல்லாமலும் விற்பது அவர்களின் வழக்கம். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மாடல் எண்ணின் கடைசியில் வரும் ஓரிரு எழுத்துகளில்தான் வித்தியாசம் இருக்கும். எனவே கடைக்காரர் வாயால் சொல்வதோடு நின்றுவிடாமல், முழு மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணுக்கு நேராகத் தொடுதிரை என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பெயர் டெஸ்க்டாப் என்றாலும், இந்த விலையில் வருபவற்றின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மடிக்கணினியின் உறுப்புகளே. அதனால் சத்தமும் சூடும் குறைவு, மின்சாரமும் குறைவாகவே செலவாகும். ஆனால் அதே விலைக்கு உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்த கணினியின் வேகம் இதில் கிடைக்காது, பின்னாளில் உறுப்புகளை மாற்றும் வசதியும் குறைவு.

தொடுதிரையைப் பொறுத்தவரை, அது புதிய சங்கதி அல்ல. எச்பி நிறுவனம் 1983-லேயே எச்பி-150 என்ற தொடுதிரைக் கணினியை விற்றது. அதன் திரை தொடுதலை உணர்வதில்லை. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் துளைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்துகொண்டிருக்கும், விரல் அவற்றை மறிக்கும் இடத்தைக் கணினி கண்டுகொள்ளும். அந்தத் துளைகளில் தூசி அடைத்துக்கொள்வது பெரும் தொல்லையாக இருந்தது. 2007-இல் அதே நிறுவனம் டச்ஸ்மார்ட் என்ற பெயரில் வீட்டுக் கூடத்தையும் சமையலறையையும் குறிவைத்து ஆல்-இன்-ஒன் ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஏசூஸ் வெளியிட்ட ஈ டாப், விலையைக் குறைப்பதற்காக இன்டெலின் ஆட்டம் (Atom) என்ற வேகம் குறைந்த பிராசஸரையும் ஒரு ஜிபி ரேமையும் வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தது. மலிவு விலைத் தொடுதிரைக் கணினி என்ற சொல்லுக்கு அன்று பொருத்தமாக இருந்த அந்தக் கருவியின் சிக்கல், இன்றைய மலிவு மாடல்களிலும் அப்படியே தொடர்கிறது: திரைக்குச் செலவழித்த பணத்தை உள்ளே இருக்கும் உறுப்புகளில் பிடித்துக்கொள்வார்கள்.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, இனி எல்லாக் கணினியும் தொடுதிரைதான் என்று உற்பத்தியாளர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை டெஸ்க்டாப்பில் பலிக்கவில்லை. காரணம் மனிதரின் தோள்பட்டை. செங்குத்தாக நிற்கும் திரையைத் தொட வேண்டுமானால் கையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். சில நிமிடங்களிலேயே தோள் கனத்துவிடும். 2010-இல் மேக்புக் ஏர் அறிமுக விழாவில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் இதே காரணத்தைச் சொல்லித்தான் மேக் கணினிகளில் தொடுதிரையைத் தவிர்த்தார். 2016-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ, திரையை வரைபலகை போலத் தாழ்த்திச் சாய்த்துக்கொள்ளும் கீலை வைத்து இதற்கு நல்ல தீர்வு கண்டது. ஆனால் அதன் விலை 2,999 டாலரில் தொடங்கியது. நம் விலையில் கிடைக்கும் தாங்கிகள் திரையைப் பின்பக்கமாக இருபது, இருபத்தைந்து பாகை சாய்ப்பதோடு சரி. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் பெரும்பாலானவற்றில் கிடையாது.

ஆகவே வீட்டு டெஸ்க்டாப்பில் தொடுதிரை என்பது மவுஸுக்கு மாற்று அல்ல. இடையிடையே ஒரு தட்டு, ஒரு தள்ளு என்ற அளவில் பயன்படும் கூடுதல் வசதி. அந்தக் கூடுதல் வசதி யாருக்கு உதவும் என்பதை உங்கள் வீட்டு ஆட்களை வைத்தே யோசியுங்கள். உங்கள் பெற்றோர் மவுஸ் பிடித்துப் பழகாதவர்களாகவும், வாட்ஸ்அப்பும் யூடியூபும் கைப்பேசியில் நன்றாகப் பழகியவர்களாகவும் இருந்தால், வீடியோ அழைப்பை எடுப்பது, பாட்டை நிறுத்துவது, செய்திப் பக்கத்தை மேலே தள்ளிப் படிப்பது போன்றவற்றுக்குத் தொடுதிரை நிச்சயம் உதவும். மவுஸையும் இரட்டைச் சொடுக்கையும் ஒருவருக்கு எழுபது வயதில் கற்றுக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் கை நடுக்கம் உள்ளவர்களுக்குத் தொடுதிரை எளிது என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை மேசையில் தாங்கலாக இருக்கும். திரையைத் தொடும்போது கைக்குத் தாங்கல் இல்லாததால் நடுக்கம் கூடுதலாகத் தெரியும். அவர்களைக் கடைக்கு அழைத்துச் சென்று பத்து நிமிடம் உட்கார வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் மகள் முதல் நாளே திரையைத் தொடத் தொடங்கிவிடுவாள். படம் வரைவது, புதிர் விளையாட்டு, கணக்குப் பயிற்சி ஆகியவற்றுக்கு அது நன்றாக இருக்கும். எழுதிப் பழகுவதற்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். மலிவுத் தொடுதிரைகளில் ரப்பர் முனைப் பேனா வெறும் விரலாகவே உணரப்படும். அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்காது, திரையில் மணிக்கட்டு பட்டாலும் கோடு விழும். வரைவதிலோ எழுதுவதிலோ அவளுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், யுஎஸ்பியில் செருகிப் பயன்படுத்தும் பேனா டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. அதை மேசையில் படுக்க வைத்து வரைவதால் தோளும் வலிக்காது, முதுகும் வலிக்காது. உங்களைப் பொறுத்தவரை, வங்கிக் கணக்கு, எக்செல், பயணச்சீட்டு முன்பதிவு என்று அமர்ந்தால் இரண்டாவது வாரத்திலிருந்தே விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் திரும்பிவிடுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தொடுதிரை வாங்குபவர்கள் பலரும் ஏமாற்றம் அடையும் இடம் இன்னொன்று உண்டு. திரையைத் தொட முடிகிறது என்றால் கைப்பேசியில் உள்ள செயலிகள் எல்லாம் இதில் ஓடும் என்று எதிர்பார்த்துவிடுகிறார்கள். விண்டோஸ் 11-இல் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொஞ்ச காலம் தந்துவிட்டு, 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது. எனவே மகளின் பள்ளிச் செயலி கைப்பேசிக்கு மட்டும் வந்திருந்தால், அது இதில் ஓடுமா என்பதை முன்கூட்டியே பாருங்கள். இணையதள வடிவம் இருந்தால் சிக்கல் இல்லை. விண்டோஸில் பல பொத்தான்கள் மவுஸ் முனையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை என்பதால், விரலுக்குச் சிறியதாக இருக்கும். டிஸ்ப்ளே அமைப்புகளுக்குச் சென்று அளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்திவிட்டால் பெற்றோருக்குப் படிக்கவும் தொடவும் எளிதாகும். 24 அங்குல ஃபுல் எச்டி (1920 x 1080 புள்ளிகள்) திரையில் ஒரே நேரத்தில் தெரியும் பகுதி மட்டும் அதனால் குறையும்.

இனி உள்ளே இருக்க வேண்டியவை. இந்த இடத்தில்தான் உங்கள் அறுபதாயிரம் வீணாவதும் பயன்படுவதும் முடிவாகிறது, ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

சேமிப்பகம் எஸ்எஸ்டியாக இருந்தே ஆக வேண்டும். ஒரு டிபி ஹார்டு டிஸ்க் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் பழைய இருப்பு இன்னும் சில கடைகளில் இருக்கிறது. அதில் விண்டோஸ் 11 திறப்பதற்குள் காபி ஆறிவிடும். 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். படங்களும் வீடியோக்களும் பெருகினால் வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க்கைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ரேம் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியல் சொல்லும். அந்த அளவில் கணினி திறக்கும், குரோமில் நான்கைந்து பக்கங்களையும் ஒரு வீடியோ அழைப்பையும் சேர்த்துத் திறந்தால் திணறும். ஐந்தாறு ஆண்டுகள் என்று கணக்குப் போடுவதால், 8 ஜிபியோடு வாங்கினாலும் பிறகு 16 ஆக்கும் வழி இருக்க வேண்டும். சில மாடல்களில் ரேம் தனியாகச் செருகப்பட்டிருக்கும், சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பற்றவைத்ததைக் கூட்டவே முடியாது. கூடுதல் ஸ்லாட் (ரேம் செருகும் காலி இடம்) உண்டா என்ற ஒரே கேள்வியைக் கடையில் கேட்டு, பதிலை நிறுவனத்தின் விவரப் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிராசஸரில் பெயர்கள் மிகவும் குழப்பும். இன்டெலின் செலரான் என்ற பெயரில் வரும் இரண்டு கோர் பிராசஸர்களைத் தொடவே வேண்டாம்; கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. தொடுதிரை மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இவற்றோடுதான். இன்டெல் என்100 என்பது 2023-இல் வந்த நான்கு கோர் பிராசஸர். இணையம், வீடியோ, பள்ளிப் பாடம் என்ற அளவுக்குத் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. என் பரிந்துரை இன்டெலின் ஐ3-1215யூ அல்லது அதற்குப் பின் வந்த அதே வரிசை. அதில் ஆறு கோர்கள் உள்ளன, வீட்டு வேலைக்கு ஐந்து ஆண்டுகள் கழித்தும் அது போதுமானதாகவே இருக்கும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 3 7320யூ அடிக்கடி கண்ணில் படும். ஏழாயிரத்தில் தொடங்கும் எண்ணைப் பார்த்துப் புத்தம் புதியது என்று நினைப்பது இயல்பு. 2022-இல் வெளிவந்தாலும் அதன் கோர் வடிவமைப்பு 2019-ஐச் சேர்ந்தது, அதோடு வரும் ரேமும் பற்றவைத்ததாகவே இருக்கும். மோசமான பிராசஸர் அல்ல, ஆனால் 8 ஜிபியோடு வந்தால் கடைசிவரை 8 ஜிபிதான்.

விலைப்பட்டியலில் டாஸ் என்றோ ஃப்ரீடாஸ் என்றோ போட்டிருந்தால், விண்டோஸ் உரிமம் அந்த விலையில் சேரவில்லை என்று பொருள். இரண்டு கடைகளின் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கடைக்காரர் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் உரிமமற்ற விண்டோஸை வீட்டு வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

விலை குறைவாக இருக்கிறதென்று பழைய அலுவலகக் கணினிகளின் பக்கம் போகிறவர்களும் உண்டு. புதுப்பிக்கப்பட்டது என்ற பெயரில், தொடுதிரை, இன்டெல் ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம் என்று இருபதாயிரம், இருபத்தைந்தாயிரத்துக்கு விளம்பரம் வரும். எல்லாம் உண்மையாகவே இருக்கும், சொல்லாமல் விட்டது ஐ5-இன் தலைமுறையை. நான்காம் தலைமுறை ஐ5 என்பது 2013-ஐச் சேர்ந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான் தன் பட்டியலில் இருப்பதாகச் சொல்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள கணினியை வாங்குபவர், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தால் மட்டுமே அதில் லாபம் உண்டு. லினக்ஸில் இன்றைய தொடுதிரைகள் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும் என்பது உண்மைதான். உங்கள் பெற்றோரின் கணினியில் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

கடையில் தொடுதிரையைச் சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற பக்கத்தைத் திறந்தால், பேனா மற்றும் தொடுதல் என்ற வரியில் எத்தனை தொடுபுள்ளிகள் என்று இருக்கும். பத்து இருக்க வேண்டும். அடுத்துப் பெயின்டைத் திறந்து, விரலால் மூலைக்கு மூலை ஒரு சாய்கோட்டை மிக மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் எந்தத் திரையும் நேர்கோடு போடும். மெதுவாக இழுக்கும்போது கோடு அலை அலையாக வந்தாலோ நடுவில் அறுந்தாலோ அந்தத் திரையில் குறை இருக்கிறது. நான்கு ஓரங்களிலும் விரலை ஒட்டி நகர்த்துங்கள், ஓரம்தான் முதலில் ஏமாற்றும். பிறகு திரையின் மேல் மூலையைச் சற்று அழுத்தித் தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் திரை ஆடிக்கொண்டே இருந்தால், வீட்டில் அந்த ஆட்டம் தினமும் கண்ணை உறுத்தும். கடைசியாகத் திரையை அணைத்துவிட்டு, கடையின் விளக்குகள் அதில் எப்படித் தெரிகின்றன என்று கவனியுங்கள். தொடுதிரைகள் பலவும் பளபளப்பான கண்ணாடி கொண்டவை. உங்கள் கூடத்தில் மேசைக்கு எதிரே ஜன்னல் இருந்தால், பகலில் படத்தைவிட ஜன்னல்தான் நன்றாகத் தெரியும்.

இனி மின்சாரம். ஆல்-இன்-ஒன்னுக்கு பேட்டரி கிடையாது, மின்சாரம் போன கணமே அணைந்துவிடும். மின்சாரம் போனதும் பேட்டரியிலிருந்து சிறிது நேரம் ஓட்டும் யுபிஎஸ், 600 விஏ அளவில் ஒன்று போதும். இந்தக் கணினிகள் சாதாரணப் பயன்பாட்டில் 50 வாட் அளவில்தான் இழுப்பதால், பேட்டரி புதிதாக இருக்கும்போது அரை மணி நேரம் தாராளமாக ஓடும். வீட்டில் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால், அதன் பின்புறத்தில் யுபிஎஸ் முறைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்; அந்த முறையில் மாற்றம் வேகமாக நடப்பதால் கணினி அணையாது, தனி யுபிஎஸ் தேவைப்படாது. மின்கட்டணத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு யூனிட்தான் ஆகும்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடுதிரைகளில் பலரை அலைக்கழிக்கும் கோளாறு இதில்தான் பிறக்கிறது. இன்றைய தொடுதிரைகள், விரல் பட்டதும் கண்ணாடிக்குள் ஏற்படும் மிக நுண்ணிய மின்னேற்ற மாற்றத்தை அளந்து வேலை செய்கின்றன. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகினாலோ, சுவர்ப் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லாவிட்டாலோ, அடாப்டரிலிருந்து வரும் மின்இரைச்சல் திரைக்குள் புகுந்துவிடும். அப்போது யாரும் தொடாமலே பக்கங்கள் திறக்கும், திரையில் உள்ள அம்புக்குறி துள்ளும், தட்டினால் வேறு இடத்தில் பதியும். திரை போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், எர்த் உள்ள வேறொரு பிளக்கில் செருகிப் பாருங்கள். ஈரக்கையும் இதே குழப்பத்தை உண்டாக்கும். சமையலறைக்கு அருகில் வைப்பதாக இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். துடைப்பதற்குக் கணினியை அணைத்துவிட்டு, லேசாக நனைத்துப் பிழிந்த மென்துணியைப் பயன்படுத்தினால் போதும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை நேராகத் திரையில் அடிக்கக் கூடாது, கீழ் விளிம்பு வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிடும்.

பழுது என்று வந்தால் தொடுதிரை வகையின் செலவு கூடுதல் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதாரண மானிட்டர் பழுதானால் மானிட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆல்-இன்-ஒன்னில் தொடுகண்ணாடியும் படம் காட்டும் பேனலும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், மேல் கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்வார்கள். உத்தரவாதம் முடிந்தவர்கள் சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் சில மாடல்களுக்குப் பேனல் கிடைக்கலாம், எல்லாவற்றுக்கும் கிடைக்காது. நிறுவன உத்தரவாதம் பொதுவாக ஓராண்டு, அதுவும் தானாக ஏற்படும் பழுதுக்கு மட்டும். குழந்தை பந்தை எறிந்து உடைத்ததற்கு அல்ல. நான்காம் வகுப்புக் குழந்தை இருக்கும் வீட்டில், விபத்துச் சேதத்தையும் உள்ளடக்கிய கூடுதல் உத்தரவாதத்துக்குப் பணம் கட்டுவது நியாயமான செலவு. பிற பொருள்களில் இத்தகைய கூடுதல் உத்தரவாதங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கண்ணாடி விரிசல் விட்டு, படம் மட்டும் சரியாகத் தெரிந்து, தொடுதல் தாறுமாறாகிவிட்டால் கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் டச் ஸ்கிரீன் என்று முடியும் வரியை வலச்சொடுக்கி, டிசேபிள் கொடுத்துவிட்டால் தொடுதல் மட்டும் அணைந்துவிடும். மற்றதெல்லாம் மவுஸில் வழக்கம்போல ஓடும்.

ஆல்-இன்-ஒன் அல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. உள்ளங்கை அளவுள்ள மினி பிசியையும், தனித் தொடுதிரை மானிட்டரையும் சேர்த்து வாங்கலாம். மானிட்டருக்குப் படத்துக்கு எச்டிஎம்ஐ கேபிளும், தொடுதலுக்கு யுஎஸ்பி கேபிளும் எனப் பெரும்பாலும் இரண்டு இணைப்புகள் கொடுக்க வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டு, தொடுதல் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கணினி மெதுவானால் பெட்டியை மட்டும் மாற்றலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் பெரிய அளவுத் தொடுதிரை மானிட்டர்கள் நம் ஊரில் வீட்டு விலைக்குக் கிடைப்பது அரிது, அவை பெரும்பாலும் கடை பில்லிங்குக்கும் அலுவலகத்துக்கும் என விற்கப்படுபவை. கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். கூடத்து மேசையில் வயர்கள் தொங்குவதை உங்கள் அம்மா ஏற்றுக்கொள்வாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸ் 11-இல் தமிழ் மொழியைச் சேர்த்ததும் தமிழ்99, அஞ்சல், ஒலிபெயர்ப்பு முறை ஆகிய விசைப்பலகை அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மகளுக்கு இப்போதே தமிழ்99-ஐப் பழக்கிவிடுங்கள்; 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது, உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் என்று பிரிந்திருப்பதால் குழந்தைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். பெற்றோருக்குத் தட்டச்சே வேண்டாம். கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சுக்குத் தமிழைத் தேர்ந்துவிட்டால், கணினியில் உள்ள மைக் முன் பேசினாலே எழுத்தாகிவிடும். நிறுத்தக்குறிகளையும் சந்தியையும் பிறகு யாராவது சரிபார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. 24 அங்குல ஃபுல் எச்டி திரை, ஐ3-1215யூ அல்லது அதற்கு மேற்பட்டது, கூடுதல் ஸ்லாட்டோடு 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, உரிமத்தோடு கூடிய விண்டோஸ் 11, மூடி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள கேமரா. இவையெல்லாம் இருந்து தொடுதிரையும் சேர்ந்த மாடல் அறுபதாயிரத்துக்குள் வந்தால் தயங்காமல் வாங்குங்கள்; பண்டிகைக் காலத் தள்ளுபடியில் அப்படி வருவதுண்டு. வராவிட்டால் இவற்றில் எதையும் குறைத்துக்கொண்டு தொடுதிரையை வாங்க வேண்டாம். தொடுதிரை இல்லாத அதே மாடலை எடுத்து, மிச்சமாகும் பணத்தை யுபிஎஸ்ஸுக்கும், பெற்றோருக்குப் பெரிய எழுத்துகள் கொண்ட விசைப்பலகைக்கும், மகளுக்குப் பேனா டேப்லெட்டுக்கும் செலவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியையும் தெர்மகோலையும் உடனே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குள் எல்லாத் துளைகளிலும் எதையாவது செருகிப் பார்த்து, வீடியோ அழைப்பு ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முழுத் திரையையும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் ஆக்கிப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பில்லில் உள்ள தேதியோடு உத்தரவாதத் தேதி ஒத்துப்போகிறதா என்பதைக் கணினியின் சீரியல் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடையில் நெடுநாள் இருந்த கணினியாக இருந்தால் உத்தரவாதம் முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். பில்லை அனுப்பிக் கேட்டால் தேதியைத் திருத்தித் தருவார்கள்.